நான்காவது மெத்தை

9 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். முதுகுவலி என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பழகிவிட்டோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா, இல்லை இன்னும் உன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு டீக்கடையில் இனிப்புத் தின்கிறாரா?

ஒரு செய்தி. முழுவதும் படித்துவிட்டுத் திட்டு. பட்டாளத்தில் கழித்துப் போட்ட லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் நான் ஓட்டினேனே, அதே ரகம். நான் ஓட்டிய அதே வண்டி இல்லை. அப்படி ஒரு கதை கட்டி மாமாவிடம் சொல்லிவிடாதே.

பின்பக்கம் பதினாலு அடி நீளம், ஏழடி அகலம். இதை ஒரு குடும்பம் தங்கிப் போகிற வண்டியாக மாற்றப் போகிறேன். நாலு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் என் வீட்டுக்காரியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் சுற்ற வேண்டும். 'அப்பா ஓட்டுற வண்டியில உன்னைக் கூட்டிட்டுப் போறேன்' என்று பெரியவளுக்கு நாலு வயதில் வாக்குக் கொடுத்தேன். இப்போது அவளுக்குப் பதிமூன்று முடிந்துவிட்டது.

வீட்டுக்காரி வேலைக்காகப் பிள்ளைகளோடு அந்த ஊரில் இருப்பதும் நான் இங்கே இருப்பதும் உனக்குத் தெரிந்ததுதான். ஒரு வருஷத்து ஏற்பாடு. உன் கடையிலிருந்து ஒரு மணி நேரம்தானே? ஒரு எட்டுப் போய் வண்டியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல். நான் எதைச் சொன்னாலும் அவளுக்கு உத்தரவு மாதிரிக் கேட்கிறதாம்.

ஊரில் ஓடுகிற பஸ்ஸுக்கெல்லாம் சீட் தைத்துக் கொடுக்கிறாய். தம்பிக்கு நாலு மெத்தை தைத்துக் கொடு. போனில் பேச வேண்டாம். போனில் நமக்கு இரண்டு நிமிஷத்தில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் அதற்கு இரண்டு வாரமாவது ஆகும்.

மாமாவுக்கு வணக்கம்.

உன் தம்பி

24 ஜூன்

தம்பிக்கு ஆசீர்வாதம்.

என் முழங்கால் படி ஏறும்போது மட்டும் கோபித்துக்கொள்கிறது. மாமாவின் சர்க்கரையைப் பற்றி என்னிடம் கேட்காதே, டீக்கடைக்காரரிடம் கேள்.

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். "யானையைக் கட்டித் தீனி போட முடியாதுன்னு பட்டாளமே தள்ளி விட்டுருக்கு, உன் தம்பி போய் ஓட்டிட்டு வந்திருக்கானே!" என்றார் மாமா. பிறகு நீ கடிதத்தோடு வைத்திருந்த போட்டோவைப் பார்த்தார். "யானை இல்ல. எருமை" என்று திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து கடையில் அதற்கு எருமை என்றுதான் பெயர்.

மெத்தை தைத்துத் தருகிறேன். ஆனால் என் கடை வழக்கம் உனக்குத் தெரியுமே. பலகையின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஃபோம் வெட்டுவதில்லை. அதில் உட்காருகிறவர், படுக்கிறவர் அளவும் எனக்கு வேண்டும். போன மாதம் ஒரு பஸ் முதலாளி டிரைவர் சீட்டின் அளவைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தார். டிரைவரைக் கூட்டி வாருங்கள் என்றேன். "அவன் எதுக்கும்மா? பஸ்ஸு என்னோடது" என்றார். "பஸ்ஸு உங்களோடது. முதுகு அவரோடதாச்சே" என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் டிரைவர் வந்தார். இரண்டு அங்குலம் வித்தியாசம்.

இன்னொன்று. அவளிடம் கேட்டாயா? சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. நான் போய் நல்ல வார்த்தை சொல்வது இருக்கட்டும். அவளை எப்போதாவதுதான் பார்க்கிறேன். கடை வேலையே கழுத்துவரை இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சாப்பிடாதே.

அக்கா

11 ஜூலை

அன்புள்ள அக்கா,

நானும் எருமையும் சுகம். மாமாவின் வாய் எப்போதும்போலச் சுகம் என்று தெரிகிறது.

இரண்டு பக்கமும் சிப்பாய்கள் உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டேன். அடியில் பார்த்தால், கத்தியால் கீறிய கோடுகள். நாலு நாலாகக் கோடு, குறுக்கே ஒன்று. லீவுக்கு ஊருக்குப் போக எத்தனை நாள் பாக்கி என்று எண்ணிக் கீறியிருக்கிறார்கள். நானும் கீறியிருக்கிறேன், வேறொரு வண்டியில். பலகை நல்ல தேக்கு. கோடுகள் கீழ்ப்பக்கம் வரும்படி வைத்து, அதையே படுக்கைக்குப் போடப் போகிறேன்.

மேலே இருந்த தார்ப்பாய்க் கம்பிகளை எடுத்துவிட்டுத் தகரக் கூரை போட்டாயிற்று. வெல்டர் ஒருவர் கிடைத்திருக்கிறார். எதைக் காட்டினாலும் "வெட்டிடலாம்" என்பார். ஜன்னல் வேண்டுமே என்றேன், "வெட்டிடலாம்." கதவு இடிக்கிறதே என்றேன், "வெட்டிடலாம்." அவருக்கு வெட்டிடலாம் என்றே பெயர் வைத்துவிட்டேன். விட்டால் வண்டியே மிஞ்சாது.

பட்டாளத்துப் பச்சையோடு வெளியே ஓட்டக் கூடாதாம். வேறு நிறம் அடித்தால்தான் பதிவு. எந்த நிறம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கையே வரவில்லை.

பயணத்துக்கு ஒரு கால அட்டவணை போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கருத்துச் சொல். அவளுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்குப் பதில்: சொல்லியிருக்கிறேன். யோசிப்பாள்.

உன் தம்பி

2 ஆகஸ்ட்

தம்பி,

நாங்கள் இருவரும் நலம். மழை பிடித்துக்கொண்டதால் ரெக்ஸின் ஒட்டிய பசை காயவே மாட்டேன் என்கிறது.

உன் அட்டவணையைப் பார்த்தோம். நாலரைக்கு எழுச்சி. ஐந்துக்குப் புறப்பாடு. பத்து மணிக்குத் தேநீர், பதினைந்து நிமிடம். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை தேடினார். "சிரிக்கிறதுக்கு எத்தனை நிமிஷம் ஒதுக்கியிருக்கான்னு பாக்குறேன். காணோமே" என்றார். நீ குடும்பத்தைக் கூட்டிப் போகிறாயா, எல்லைக்குத் தளவாடம் கொண்டு போகிறாயா?

கோபித்துக்கொள்ளாதே. வண்டியைப் பற்றி எனக்கு இரண்டு யோசனை தோன்றுகிறது. பெரியவள் படுக்கிற இடத்தில் தலைமாட்டில் ஒரு ஜன்னல் வை. படுத்தபடியே படிக்கிறவளுக்கு வெளிச்சம் வேண்டும். சின்னவனுக்கு மேல்தட்டில் படுக்கை போடாதே. தூக்கத்தில் உருளுகிறான், விழுந்து வைப்பான்.

அளவு இன்னும் வரவில்லை. ஆளின் அளவு, பலகையின் அளவு, இரண்டும் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். ஆளை நிற்க வைத்து எடு. அதற்காகவாவது ஒரு தடவை போய்விட்டு வாயேன்.

அக்கா

20 ஆகஸ்ட்

அன்புள்ள அக்கா,

சுகம். உன் மழை இங்கேயும் வந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இப்போதைய தலைவலி ஸ்பிரிங். மூன்று டன் பாரத்துக்குச் செய்த பட்டைகள். பாரம் இல்லாமல் ஓட்டினால் ஆளைத் தூக்கிப் போடுகிறது. நேற்று ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தெருக்கோடிவரை போய் வந்தேன். டம்ளர் இருந்தது, தண்ணீர் கூரையில் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் மூன்று பட்டைகளைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். வெட்டிடலாம் அவற்றையும் வெட்டப் பார்த்தார், தடுத்துவிட்டேன்.

போய்வர இப்போது நேரம் இல்லை. ஆனால் அளவு கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது பிள்ளைகளை இங்கே அடுப்படி நிலையில் சாய்த்து நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கோட்டிலிருந்து எடுத்தேன். ஆளுக்கு மூன்று அங்குலம் கூட்டிப் பலகை அடித்தாயிற்று.

நான்: ஐந்தடி ஒன்பது. பலகை ஆறடி.
அவள்: நாலடி பதினொன்று. பலகை ஐந்தடி இரண்டு. (அவளை நிலையில் நிறுத்தியதில்லை. என் சட்டையின் கழுத்துப் பொத்தான்வரை வருவாள். பொத்தானை அளந்தேன்.)
பெரியவள்: நாலடி ஏழு. பலகை நாலடி பத்து.
சின்னவன்: மூன்றடி பதினொன்று. பலகை நாலடி இரண்டு.

சின்னவன் உருளுவான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? எனக்கே தெரியாது.

உன் தம்பி

5 அக்டோபர்

தம்பிக்கு,

நலம்தானே? பதில் எழுத நாளாகிவிட்டது. கைவேலை அதிகம் என்று எழுதலாம், ஆனால் அது காரணம் இல்லை.

லாரி ஷெட்டில் மெத்தைகளைப் பார்சல் போட்டுவிட்டேன். மூன்று உருப்படி. அடர்த்தியான ஃபோம், மேலே பருத்தித் துணி, ஓரத்தில் ஜிப். கழற்றித் துவைக்கலாம். நாலாவது தைக்கவில்லை. அதற்கு இன்னும் அளவு வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

14 அக்டோபர்

அக்கா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மாமா நலமாக இருப்பார் என்று நம்புகிறேன்.

மெத்தைகள் வந்தன. முப்பது வருஷமாக நீ வெட்டித் தவறியது இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். என்னுடையது சரியாக இருக்கிறது. பெரியவளுடையது ஐந்தடி எட்டு. பத்து அங்குலம் அதிகம்! சின்னவனுடையது ஆறு அங்குலம் அதிகம். நான் எழுதியதைப் படித்தாயா? வேறு யாரிடமாவது வெட்டக் கொடுத்தாயா? ஆனைக்கும் அடி சறுக்கும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு இடத்திலா சறுக்கும்?

அவளுக்கு அளவு வரவில்லை என்கிறாய். நாலடி பதினொன்று என்று தெளிவாக எழுதியிருந்தேனே. பொத்தான் கணக்கு உனக்குக் கேலியாக இருந்திருக்கலாம். அதற்காகத் தைக்காமல் விடுவதா?

இனிப் பலகையை நீட்ட முடியாது. இடது பக்கம் என் பலகை ஆறடி, பெரியவள் பலகை நாலடி பத்து, இரண்டுக்கும் நடுவே மூன்றடிக்கு இரும்பு அலமாரி. அது வண்டியோடு வந்தது. வண்டியின் உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்தது. என் பட்டாளத்துப் பெட்டி, சாமான் எல்லாம் அதில்தான். மெத்தையைத் திருப்பி அனுப்புகிறேன். தயவுசெய்து சரியாக வெட்டி அனுப்பு.

தம்பி

22 அக்டோபர்

தம்பிக்கு ஆசீர்வாதம்.

மாமா நலம். நான் நலம் இல்லை. உனக்கு இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்ததே என்ற கவலைதான், வேறு நோய் இல்லை.

மெத்தையை அனுப்பாதே. மெத்தை சரி. பலகைதான் தப்பு.

மார்ச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். அவளும் வருகிறாள். சில வாரம் விட்டுவிட்டுப் போவாள், சில வாரம் உட்கார்ந்து எனக்கு நூல் பிரித்துத் தருவாள். சின்னவன் சாப்பிட்டதும் ஃபோம் குவியலில் தூங்குவான், தூங்கி உருண்டு தரைக்கு வருவான். உன் கடிதங்களை நான் சத்தமாகப் படித்தேன் என்றேனே, கேட்டவர் மாமா மட்டும் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். 'எப்போதாவதுதான் பார்க்கிறேன்' என்று எழுதி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீயும் உன் பங்குக்கு ஒன்றை மறைத்தாய். வேலைக்காக ஒரு வருஷத்து ஏற்பாடு என்றாய். அவள் அப்படிச் சொல்லவில்லை.

நீ எழுதிய அளவுப்படி வெட்டும் மேசையில் சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு வழக்கப்படி பெரியவளைப் படுக்கச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே வந்தது கோடு. எழுந்து அதைப் பார்த்தாள். "இது யாரு அத்தை?" என்றாள். அப்பா எழுதிய நீதான் என்றேன். சிரித்தாள். "இது ஆறாவது படிக்கும்போது நான். அவளுக்குத் தைக்காதீங்க, எனக்குத் தைங்க" என்றாள். சிரித்தவள்தான். அப்புறம் துணியை எடுத்து அந்தக் கோட்டைத் தானே அழித்தாள்.

ஓய்வு பெற்று வந்ததும் நாலு நாள் அவர்களோடு இருந்தாயே தம்பி. அந்த நாலு நாளில் உன் பெண்ணை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லையா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிள்ளைகளின் அம்மாவையும் படுக்கச் சொன்னேன். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வேணாம்க்கா. நான் போகப் போறதில்ல. லீவுல வர்றவரோட வாழப் பழகிட்டேன். தங்குறவரோட எப்படின்னு எனக்குத் தெரியல. அவரும் கேக்கல, நானும் சொல்லல" என்றாள். அதனால்தான் நாலாவது மெத்தை இல்லை. உன் பொத்தான் கணக்கில் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நான் கேட்கவும் மாட்டேன்.

அக்கா

3 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏழெட்டுத் தடவை எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் 'சுகம்' என்று எழுதியதோடு நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். அங்கே போன இரண்டாம் நாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என் கதை. சமையலறையை ஒழுங்கு செய்தேன். டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டி, கதவுக்குப் பின்னால் பட்டியல் ஒன்றும் மாட்டினேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், சத்தியமாக. வந்ததும் அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அங்கும் இங்கும் கையை நீட்டிவிட்டு நின்றாள்.

"உப்பு எங்க?" என்றாள்.

"பதினாலாம் நம்பர்" என்றேன்.

அடுப்பை அணைத்துவிட்டாள். "பதினஞ்சு வருஷமா கண்ணை மூடிக்கிட்டு உப்பு எடுத்தவ நான். இனிமே உங்களைக் கேட்டுத்தான் எடுக்கணுமா?" என்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அன்று, "எதுலயும் ஒரு ஒழுங்கு வேண்டாமா?" என்றேன். நாலாம் நாள் பஸ் ஏறிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என் போனை எடுப்பதில்லை. உப்புக்காகப் பிரிந்து இருக்கிறோம் என்று உனக்கு எப்படி எழுதுவது? மாமா சிரிப்பார்.

பெரியவளைப் பார்த்தேனா என்று கேட்டாய். அந்த நாலு நாளும் அவள் ஒரு புத்தகத்தோடு கட்டிலில் உட்கார்ந்தே இருந்தாள். எழுந்து நிற்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. வாசற்படியில் வழியனுப்பும்போதுகூட அவள் நின்றிருக்க வேண்டும். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த இரும்பு அலமாரியை எடுத்துவிட்டேன். வெட்டிடலாமிடம் காட்டினேன். முதல் தடவையாக அந்த மனிதர் "நிஜமாவா?" என்று கேட்டார். "வெட்டிடலாம்" என்றேன். உள்ளே இருந்த பட்டாளத்துச் சாமானைப் பரணில் போட்டாயிற்று. பெரியவளின் பலகை இப்போது ஆறடி. தலைமாட்டில் ஜன்னல் இருக்கிறது. சின்னவன் பலகையையும் நீட்டிவிட்டேன், ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறேன். சமையல் மூலையில் ஒன்றும் அடிக்கவில்லை. இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன். ஸ்பிரிங் இப்போது பரவாயில்லை, டம்ளரில் பாதித் தண்ணீர் மிஞ்சுகிறது. பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம் எனக்குத் தெரியவில்லை. அதனால் பச்சையைச் சுரண்டிவிட்டுச் சாம்பல் பூச்சோடு விட்டிருக்கிறேன். பதிவு ஆபீசில் தற்காலிகமாக ஒப்புக்கொண்டார்கள். அட்டவணையை வைத்து அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தேன், நன்றாக எரிந்தது.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியை உன் கடைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா? அவளிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் முந்தின நாளே வந்து உன்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இது அட்டவணை இல்லை, கேட்கிறேன்.

உன் தம்பி

9 டிசம்பர்

தம்பி,

மாமா சிரிக்கவில்லை. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதனால்தான் இந்த எழுத்து இப்படிக் கோணல்.

அவளிடம் கேட்டேன். வெகுநேரம் நூல் பிரித்தாள். "வரட்டும். வந்தா வண்டியிலேயே தங்கட்டும்" என்றாள்.

வா.

அக்கா

17 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த சாப்பாடு இரண்டு வேளைக்கு வந்தது. உன் முழங்காலோடு வண்டியில் ஏறி இறங்கினாயே, வலி எப்படி இருக்கிறது? படி இன்னும் தாழ வேண்டும். பார்க்கிறேன்.

அன்று உன்னிடம் எதுவும் பேச முடியவில்லை. பெரியவள் ஏறி வந்து, என்னை ஒன்றும் கேட்காமல், பலகையில் போய்ப் படுத்தாள். கால் நீட்டினாள். இன்னும் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது. "இன்னும் வளருவேன்ப்பா" என்றாள். "வளரு. இன்னும் வெட்டலாம்" என்றேன். அவள் பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன், என் தோளைத் தாண்டிவிட்டாள் அக்கா! சின்னவன் வண்டிக்கு ஆரஞ்சு நிறம் வேண்டும் என்கிறான். ஆரஞ்சு எருமையை மாமா என்ன சொல்லப் போகிறாரோ.

அவள் கடைசியில் ஏறினாள். சமையல் மூலையில் நின்றாள். "இங்க ஏன் ஒண்ணும் அடிக்கல?" என்றாள். "நீ சொல்லல" என்றேன். ஆறு மணி பஸ்ஸுக்கு மூவரும் கிளம்பிவிட்டார்கள். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். மறுநாள் நான் தனியாகத் திரும்பினேன். மூன்று மெத்தையோடும் ஒரு வெறும் பலகையோடும் ஒருவன் வண்டி ஓட்டினால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாதி வழியில் டீ குடிக்க நிறுத்திவிட்டு, டம்ளர் எடுக்கப் பின்னால் போனேன். சமையல் மூலைச் சுவரில் சாக்பீஸ் கோடுகள். தட்டையான சாக்பீஸ், உன் கடையில் துணிக்கு வைத்திருப்பது. அடுப்புக்கு ஒரு சதுரம், தண்ணீருக்கு ஒரு வட்டம், மேலே இரண்டு தட்டு. அடுப்புக்கு வலது பக்கம், கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சின்னக் கட்டம். அதில் 'உப்பு' என்று எழுதியிருந்தது.

அதை யார் போட்டது? நீயா? பெரியவளின் கையெழுத்து எனக்குத் தெரியாது. நீ என்றால், உன் நல்ல மனதுக்கு நன்றி, பலகையை அடித்துவிட்டு அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பேன். வேறு யார் என்றாலும் உடனே எழுது. டீயைக் குடிக்காமலேயே வந்துவிட்டேன்.

தம்பி

23 டிசம்பர்

தம்பிக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் நலம். எல்லாரும் என்று இந்தத் தடவை தைரியமாக எழுதுகிறேன்.

கோடு நான் போடவில்லை. பெரியவளும் இல்லை. என் கடையில் ஒரு சாக்பீஸ் குறைகிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகக் கடைக்கு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் எதுவும் சொல்லாமலே வெட்டும் மேசைமேல் ஏறிக் கால் நீட்டிப் படுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "எடுங்கக்கா" என்றாள். டேப்பை வைத்து இரண்டு தடவை அளந்தேன். முப்பது வருஷத்தில் யாரையும் இரண்டு தடவை அளந்ததில்லை.

நாலடி பத்தரை அங்குலம். நீ அரை அங்குலம் கூட்டி எழுதியிருக்கிறாய். சட்டைப் பொத்தான் கதையை அவளிடம் சொன்னேன். படுத்தபடியே சிரித்தாள். பிறகு அழுதாள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

எழுந்தபின் நிபந்தனை சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். "ஒரு வாரம்தான் வருவேன். பிடிக்கலைன்னா நடுவழியில இறங்கி பஸ் ஏறிடுவேன். அவர் தடுக்கக் கூடாது. அஞ்சு மணிக்கெல்லாம் யாரையும் எழுப்பக் கூடாது."

நாலாவது மெத்தையைத் தைத்துவிட்டேன். லாரி ஷெட்டில் போடவில்லை. அவளே எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு சனிக்கிழமை பஸ்ஸில் உன் ஊருக்கு வருகிறாள். ஸ்டாண்டுக்குப் போய் நில். வண்டியில் உப்பு வாங்கி வை. கட்டத்துக்குள் வைக்காதே, வெளியே வை. அவள் எடுத்து வைப்பாள்.

அக்கா